‘யாழ்’ என்பதை எப்படித் தட்டுவீர்கள்?

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பருத்தித்துறை வடையும் பயத்தம் பணியாரமும் செய்து விற்கும் மாமி ஒருவர் என்னை அழைத்தார். “தம்பி, இணையத்தளம் ஒன்று போட வேணும். பேர் ‘யாழ் மாமி’. எடுத்துத் தாருமன்.”

பெயர் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ஆங்கில எழுத்தில்? வீட்டில் இருந்த மூவரிடமும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, ‘யாழ்’ என்று எழுதச் சொன்னேன். மாமி எழுதியது வை ஏ ஆர் எல். சென்னையில் படித்து வந்த மருமகள் வை ஏ இசட் எச். பேரன் வை ஏ ஏ எல். ஒரே வீட்டுக்குள் மூன்று முகவரி!

இதில் என்ன சிக்கல்? கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. நாம் தட்டும் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்ற ஏற்பாடு. 1983இல் கணினி அறிஞர் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. பெயரை அது வலமிருந்து இடமாகப் பார்க்கும். இலங்கைக்குரிய ‘டொட் எல்கே’ என்று முடிந்தால், 13 பெயர்களில் உலகெங்கும் இயங்கும் ரூட் சேர்வர்கள், அதாவது தேடலுக்கு முதல் வழிகாட்டும் கணினிகள், எல்கேக்குரிய சேர்வரைக் காட்டும். அது உங்கள் பெயருக்குரிய சேர்வரைக் காட்டும். அங்கேதான் எண் கிடைக்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்.

ஆனால் இந்தச் சங்கிலியில் ஊகிப்பவர் யாரும் இல்லை. காலி வீதியில் வீட்டு இலக்கம் பிழைத்தாலும் தபால்காரர் நாலு பேரை விசாரித்துக் கடிதத்தைச் சேர்த்துவிடுவார். டிஎன்எஸ் விசாரிக்காது. ஓர் எழுத்து மாறினால் “அப்படி ஒன்று இல்லை” என்று வரும், அல்லது வேறொருவரின் கடை திறக்கும். கூகிளில் தேடினால் பிழையைத் திருத்திக்கொள்ளும், சரி. மின்னஞ்சலில் வரும் ஓடருக்கு அந்த உதவி கிடையாது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டும் டிஎன்எஸ் கண்டுகொள்வதில்லை.

ஆகவே காதால் கேட்டவர் கையால் பிழையின்றித் தட்டக்கூடிய பெயரே வியாபாரத்துக்கு நல்லது. நடுவில் சிறுகோடு வேண்டாம். போனில் சொல்லும்போது அது விடுபட்டுப்போகும். எண்ணும் வேண்டாம். பெயரில் புள்ளியால் பிரியும் ஒவ்வொரு பகுதிக்கும் 63 எழுத்து வரை இடமுண்டு. பன்னிரண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பேன்.

தமிழிலேயே வைத்தால் ‘ழ’ பிரச்சினையே இல்லை. 2010 முதல் ‘.இலங்கை’ என்ற முடிவு நமக்கு உண்டு. தமிழ் எழுத்துகளை பியூனிகோட் முறையில் ‘எக்ஸ் என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக பிரவுசர் மாற்றி அனுப்பும். எனக்கு அதில் தனி ஆசை. ஆனால் கொழும்பில் வாடிக்கையாளர் பாதிப்பேர் சிங்களவராக இருக்கலாம். தமிழ் விசைப்பலகை இல்லாதவர்களும் இருப்பார்கள். இரண்டையும் எடுத்து, தமிழ்ப் பெயரை மற்றதற்குத் திருப்பிவிடலாம்.

இன்னொன்று: பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்ததால், பெயரையே இழந்து நின்ற நண்பர் எனக்கு உண்டு.

கடைசியில் மாமி தன் தாயாரின் பெயரைச் சொன்னார்: முத்து. சிங்களத்திலும் அது முத்துதான். ‘முத்து மாமி’ என்று வைத்தோம். ‘மாமி’யை ஓர் ஏயுடன் எழுதுவோரும் இரண்டுடன் எழுதுவோரும் இருப்பதால் இரண்டையும் வாங்கினோம். அப்புறம் மாமி கொட்டாஞ்சேனையிலுள்ள தங்கச்சிக்குப் போன் போட்டுப் பெயரை ஒருமுறை மட்டும் சொன்னார். தங்கச்சி எழுத்தெழுத்தாகத் திருப்பிச் சொல்ல, மாமி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்றும் பிழைக்கவில்லை.