எந்த பக் இந்த ரிலீஸில், எது அடுத்ததில்?

மென்பொருளில் பக், அதாவது பிழை, ஒன்றைப் பதிவு செய்யும்போது சிவியரிட்டி, பிரயாரிட்டி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பலர் இரண்டிலும் ‘ஹை’ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சிவியரிட்டி, அதாவது பழுது எவ்வளவு மோசம் என்பதை, டெஸ்டர் சொல்லிவிடலாம். பிரயாரிட்டி, அதாவது எப்போது சரிசெய்ய வேண்டும் என்பதை, தொழில் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கான எக்ஸ்போர்ட்டில் கிரெடிட் நோட்டுகள் (விற்ற தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டுகள்) விடுபடுகின்றன. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி. இந்த பக் 8ஆம் தேதி தெரியவந்தால் மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிட்டு ஹாட்ஃபிக்ஸ், அதாவது அவசரத் திருத்தம், போட்டாக வேண்டும். 13ஆம் தேதி தெரியவந்தால் அடுத்த வழக்கமான ரிலீஸில் நிதானமாகச் சேர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே தாக்கல் செய்துவிட்டவர்களுக்கு அன்றே தகவல் போக வேண்டும். கோட் எழுதும் வேலை இல்லை என்பதாலோ என்னவோ, இது பெரும்பாலும் யார் பட்டியலிலும் இருப்பதில்லை.

எந்த பக்கை முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் ட்ரையாஜ் கூட்டத்தில் நான் கேட்பவை: யாருக்கெல்லாம் வருகிறது? அதுவரை சமாளிக்க வேறு வழி உண்டா? போன வெர்ஷனில் சரியாக ஓடியதா? ஓடியது இப்போது உடைந்திருந்தால், அதாவது ரிக்ரஷன் என்றால், அது வரிசையில் முன்னால் வந்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் ரிக்ரஷனைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே புதிய அம்சங்களைச் சேர்க்க மெர்ஜ் விண்டோ என்று இரண்டு வாரம். அது மூடியபின் வாராவாரம் வரும் ஆர்சி என்ற சோதனை வெளியீடுகளில் திருத்தங்களைத்தான் ஏற்பார்கள்.

ரிலீஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், “ஒரே ஒரு லைன்தான் சார், போட்டுடலாம்” என்று ஒரு குரல் வரும். திருத்தமும் புதுக் கோட்தான். அதிலும் பக் வரும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க 2.15.0 வெர்ஷன் வந்தது. அது முழுமையாக அடைக்கவில்லை என்று 2.16.0. அதிலும் சிக்கல் என்று 2.17.0, அதே மாதம் 2.17.1. உலகம் முழுக்க ஹேக்கர்கள் சர்வர்களைத் தாக்கிக்கொண்டிருந்தபோது அந்த அவசரத்துக்கு நியாயம் இருந்தது. ஒரு பட்டன் இரண்டு பிக்சல் தள்ளி நிற்கிறது என்பதற்காக பழையது எதுவும் உடையவில்லை என்று பார்க்கும் ரிக்ரஷன் டெஸ்டிங் முடிந்து ரிலீஸுக்குத் தயாராக இருக்கும் பில்டைத் திறக்க நான் சம்மதிப்பதில்லை.

தள்ளிவைப்பதில் தப்பில்லை. ஏன் தள்ளினோம், எந்த ரிலீஸுக்கு என்பதை டிக்கெட்டிலேயே எழுதி, தெரிந்த குறை என்று ரிலீஸ் நோட்ஸிலும் போட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் போன் செய்து கேட்கும்போது சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டுமே.