காய்ச்சினால் போகாது: மூடிய விமானத்தளத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்குபவர்களுக்கு

போன வாரம் மறுபடியும் ஒரு போன். "அண்ணா, ஏரிக்கரையில வீடு வாங்கிட்டோம். பக்கத்துல பழைய ஏர்ஃபோர்ஸ் தளமாம். மூடி முப்பது வருஷம் ஆச்சு. கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. அம்மா எப்படியும் காய்ச்சித்தான் குடுக்கறாங்க. டெஸ்ட் எல்லாம் எதுக்கு?"

இந்த வருடத்தில் இது நான்காவது போன். மிச்சிகனில் நிலத்தடி நீர் சாம்பிள் எடுப்பதுதான் என் பிழைப்பு. வாங்கும் முன் கேட்டவர் நால்வரில் ஒருவர்கூட இல்லை.

தளத்தை மூடினார்கள் என்றால் விமானங்கள் கிளம்பின, வாசலில் பூட்டு விழுந்தது, அவ்வளவுதான். மண்ணுக்குள் இறங்கியதை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. எங்கள் மாநிலத்திலேயே ஆஸ்கோடா என்ற சிற்றூரில் வர்ட்ஸ்மித் தளம் இருந்தது. பி-52 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற இடம். 1977-லேயே அங்கே குடிநீர்க் கிணறுகளில் டிசிஇ என்ற கரைப்பான் கலந்தது தெரியவந்தது. 1993-ல் தளத்தை மூடினார்கள். தீயணைப்புப் பயிற்சிக்குக் கொட்டிய நுரையிலிருந்த பிஃபாஸ் ரசாயனங்கள் நிலத்தடி நீரில் இருப்பதை மாநில அதிகாரிகள் கண்டது 2010-ல். மூடி பதினேழு வருடம் கழித்து! ஊர் முழுக்க மணல் பூமி. ஒரு பக்கம் ஓ சேபிள் ஆறு, இன்னொரு பக்கம் வான் எட்டன் ஏரி. மணலுக்குள் இறங்கியது ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2012-ல் அங்குள்ள சதுப்பு நிலத்து மீன்களை உண்ண வேண்டாம் என்றார்கள். 2018-ல் அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் மான் இறைச்சியும் வேண்டாம் என்றார்கள். சோதித்த இருபது மான்களில் ஒன்றில்தான் அளவு அதிகம். ஆனால் உங்கள் தட்டுக்கு வருவது எந்த மான் என்று யாருக்குத் தெரியும்?

நியூ ஹாம்ப்ஷயரின் பீஸ் தளத்தை 1991-ல் மூடி, வணிக வளாகமாக மாற்றினார்கள். அலுவலகங்கள் வந்தன, குழந்தைகளைப் பகலில் விட்டுச் செல்லும் காப்பகங்களும் வந்தன. வளாகத்துக்குத் தண்ணீர் தந்த ஹேவன் கிணற்றை 2014 மே மாதம் அவசரமாக மூட வேண்டியதாயிற்று. பிஃபாஸில் ஒரு வகையான பிஃபோஸ் லிட்டருக்கு 2,500 நானோகிராம். அப்போதைய தற்காலிக எச்சரிக்கை அளவே 200 தான். காப்பகத்துக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அது. அதே தளத்தின் ஒரு பகுதியில் இன்று வனவிலங்குச் சரணாலயமும் இருக்கிறது. பச்சைப் பசேல் என்று இருப்பதைப் பார்த்து 'இயற்கை மீண்டுவிட்டது' என்று படம் பிடித்துப் போடுகிறோம். மரம் வளர்வதற்கும் கிணறு சுத்தமாக இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சரி, காய்ச்சுகிற விஷயத்துக்கு வருகிறேன். என் பொறுமையைச் சோதிப்பது இதுதான்.

காய்ச்சினால் கிருமி சாகும். அம்மாக்கள் சொன்னது சரிதான், அவர்கள் பயந்தது காலராவுக்கும் மஞ்சள் காமாலைக்கும். பிஃபாஸ் கிருமி இல்லை. அதற்கு உயிர் இல்லை, சாகடிக்க முடியாது. கார்பனும் ஃப்ளோரினும் பிடித்த பிடியை உங்கள் கேஸ் அடுப்பு அசைக்காது. அது ஆவியாகியும் போய்விடாது. பதநீரைக் காய்ச்சினால் இனிப்பு போய்விடுகிறதா? தண்ணீர்தான் போகிறது, இனிப்பு தங்கிக் கருப்பட்டியாகிறது. அதே கதைதான். இரண்டு லிட்டரை வைத்து ஒன்றரையாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டால், இரண்டு லிட்டரில் இருந்தது அத்தனையும் அந்த ஒன்றரைக்குள் இருக்கும். கூடுதலாகக் கொதிக்கவிடுகிறேன் என்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கூடுதல் கெடுதல். செப்புக் குடம், வெட்டிவேர், சீரகம் எதுவும் இதில் எடுபடாது. உப்பு வாங்கிப் போடும் வாட்டர் சாஃப்ட்னரும் இதற்கானது இல்லை. நிறமும் வாசனையும் காட்டிக்கொடுக்காது. 2024-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பிஃபாஸ் வகைகளான பிஃபோவா, பிஃபோஸ் இரண்டுக்கும் தனித்தனியே வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அதை நாக்கு கண்டுபிடிக்காது.

அதனால் டெஸ்ட் எடுங்கள். அமெரிக்காவில் சொந்தக் கிணறு குடிநீர்ச் சட்டத்துக்குள் வராது, உங்களுக்காக வேறு யாரும் சோதிக்கப்போவதில்லை. மாவட்டச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்து, பக்கத்துக் கிணறுகளில் என்ன கண்டார்கள் என்று முதலில் கேளுங்கள். தயவுசெய்து சாம்பிளை உங்கள் இஷ்டத்துக்குப் பிடித்து வராதீர்கள். ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, மூடிக்கு டெஃப்லான் டேப் சுற்றிக் கொண்டுவந்தார். டெஃப்லானும் பிஃபாஸ் குடும்பம்தான். தேடுகிற பொருளின் உறவுக்காரனையே சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்! சாம்பிள் எடுக்கும் நாளில் நாங்கள் முகத்துக்கு கிரீம்கூடப் போடுவதில்லை, மழை பெய்தாலும் சாதாரண ரெயின்கோட் கிடையாது; அவற்றிலும் பிஃபாஸ் இருக்கலாம். லேப் தரும் பாட்டிலில், லேப் சொல்கிறபடி மட்டும் எடுங்கள்.

முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. அல்லது கார்பன் ஃபில்டர். பெட்டியில் என்எஸ்எஃப் 53 அல்லது 58 சான்று இருக்கிறதா, அதில் பிஃபோவா, பிஃபோஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கார்பனைக் காலத்தில் மாற்றாவிட்டால் வெறும் அலங்காரம். பால்பவுடர் கலக்கும் குழந்தை இருந்தால் இன்றே ஆரம்பியுங்கள்.

ஏரியில் கரையோரம் வெள்ளை வெளேரென்று நுரை ஒதுங்கினால் குழந்தைகளை அள்ளி விளையாட விடாதீர்கள், பட்டால் கழுவிவிடுங்கள். நாயையும் தள்ளி வையுங்கள். பிடித்த மீனைக் கொழுப்பு நீக்கிச் சமைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இது சதையில் தங்குவது. எந்த மீனை உண்ணலாம் என்று மாநிலம் வெளியிடும் பட்டியலைப் பார்க்காமல் குழம்பு வைக்க வேண்டாம்.

இனி வாங்கப்போகிறவர்கள், பத்திரத்தில் நிலத்தடி நீர் எடுக்கத் தடை ஏதும் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதற்கு ஒரு மின்னஞ்சல்தான் செலவு.

போன் செய்த தம்பி வீட்டில் சாம்பிள் எடுத்துவிட்டு வந்தேன், முடிவு இன்னும் வரவில்லை. வாசலில் அவர் அம்மா கேட்டார்: "குடிக்க ஃபில்டர் தண்ணி சரி. உலை வைக்கவுமா?"

"உலைக்கும்தாம்மா. அரிசி குடிக்கிற தண்ணியையும் நாமதானே சாப்பிடுறோம். ரசத்துக்கும், மாவு அரைக்கவும்கூட. குளிக்க, பாத்திரம் கழுவக் குழாய்த் தண்ணி போதும்."

"அப்போ பெரிய ஃபில்டரா வாங்கச் சொல்லு" என்று மகனைப் பார்த்தார்.