பணம் மேற்கே, புகை கிழக்கே

லண்டனிலும் பாரிஸிலும் வசதியானவர்கள் மேற்குப் பக்கம், உழைப்பாளிகள் கிழக்குப் பக்கம் என்று காலங்காலமாகப் பிரிந்திருக்கிறார்களே, இது தற்செயலா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தற்செயல் இல்லை. இதில் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

பள்ளியில் படித்த பாடம்தான். பூமத்திய ரேகையில் சூடாகி மேலேறும் காற்று 30 பாகை அட்சரேகைக்கு அருகில் கீழிறங்குகிறது. அதில் ஒரு பங்கு தரையோடு துருவத்தை நோக்கி நகரும்போது, பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. அதனால் 30க்கும் 60க்கும் இடைப்பட்ட பட்டையில், இரண்டு அரைக்கோளங்களிலும், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். தொழிற்புரட்சி தொடங்கியதும் இந்தப் பட்டைக்குள்தான்.

இனிப் புகைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது. புகைபோக்கியை விட்டு வெளியேறும் புகை சூடாக இருப்பதால் முதலில் மேலே எழும். எழும்போதே சுற்றியுள்ள குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து ஆறிக்கொண்டே போகும். ஆறியதும் எழுச்சி அடங்கிவிடும், காற்று அதைச் சாய்த்து இழுத்துச் செல்லும். போகப் போகப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் விரியும். அப்படி விரிந்த புகை தரையில் வந்து இறங்கும் இடத்துக்குத்தான் கேடு. புகைபோக்கியின் காலடியில் நிற்பவருக்குத் தலைக்கு மேலேயே எல்லாம் கடந்துவிடும். காற்று போகும் திசையில் சற்றுத் தள்ளித் துணி காயப்போட்டவருக்குத்தான் கரி. அதையும் தாண்டினால் நீர்த்துப்போகும். புகைபோக்கி உயர உயர, கேடு விழும் இடம் தள்ளிப்போகும், செறிவும் குறையும். குளிர்காலத்தில் மட்டும் கதை வேறு. தரை வேகமாகக் குளிர்ந்து, அடியில் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் படிந்துவிட்டால், புகைக்கு மேலே வழியில்லை. 1952 டிசம்பரில் லண்டனை மூடியது இப்படியொரு மூடிதான்.

ஸ்டெஃபன் ஹெப்லிச், அலெக்ஸ் ட்ரூ, யானோஸ் சில்பர்பெர்க் என்ற மூன்று பொருளியலாளர்கள் இந்தப் புகையைத் தெருத்தெருவாகத் துரத்தினார்கள். பழைய நிலப்படங்களைக் கொண்டு இங்கிலாந்தில் 5000 ஆலைப் புகைபோக்கிகளின் இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றின் புகையும் எங்கே படிந்திருக்கும் என்று வளிமண்டல மாதிரி ஒன்றில் கணக்கிட்டு, அதை 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு பொருத்தினார்கள். எந்தப் பகுதியில் எந்தத் தொழில் செய்பவர்கள் வாழ்ந்தார்கள் என்ற வேறுபாட்டில் 15 சதவீதம் வரை புகையாலேயே விளங்கியது. 15தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஆறு, மேடு, சந்தை, ரயில் நிலையம் என்று எத்தனையோ காரணங்கள் போட்டியிடும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் இவ்வளவு! பழைய நிலப்படங்களைப் பாதுகாக்க நிதி கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

ஆக, திசைக்கென்று ஒரு குணமும் கிடையாது. வணிகக் காற்று கிழக்கிலிருந்து வீசும் வெப்பமண்டலத்தில் இதே ஆலைகளை நிறுத்தினால் கரி மேற்கே படியும். எந்தத் திசையில் செல்வம் சேரும் என்று சொல்லிக் காசு வாங்குபவர்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்றாவது முதலில் பார்க்கட்டும்.

சரி, பிரிட்டனில் 1956இலேயே தூய காற்றுச் சட்டம் வந்தது, புகையும் அடங்கிவிட்டது. பிறகும் கிழக்கு ஏன் ஏழையாகவே இருந்தது? பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் காட்டிய விளைவை இங்கே நினைக்கலாம். கட்டம் போட்ட பலகையில் இருவகைக் காய்களைக் கலந்து வைத்து, அக்கம்பக்கத்தில் தன் வகை மிகவும் குறைந்தால் மட்டும் காய் இடம் மாறும் என்று விதி வைத்தார். யாருக்கும் பெரிய வெறுப்பில்லை, ஆனாலும் சில சுற்றுகளில் பலகை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நகரத்திலும் சரிவுக்கு இப்படி ஓர் எல்லை இருக்கிறது. புகையால் லேசாகச் சரிந்த பகுதிகள் பின்னர் மீண்டன. எல்லையைத் தாண்டிச் சரிந்தவை அப்படியே நின்றுவிட்டன. வாடகை குறைவு என்று வசதியில்லாதவர்கள் வருவார்கள், அவர்களை நம்பி நல்ல பள்ளியோ கடையோ வராது, முடிந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஏழைகள் அங்கே போய்ச் சேருகிறார்களா, இல்லை அந்த இடமே ஆளை ஏழையாக்குகிறதா என்பது தனிக் கேள்வி. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் 5 நகரங்களில் சுமார் 4600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பெற்றோரின் வருமானம் கூடவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தபோது, 13 வயதுக்கு முன்பே இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை, சற்று நஷ்டமே தெரிந்தது.