ஆவணம்: தகவல் உரிமைச் சட்டங்களில் ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

தமிழ்நாட்டில் தகவல் அறியும் உரிமை என்றும் தகவல் பெறும் உரிமை என்றும், இலங்கையில் தகவலுக்கான உரிமை என்றும் வழங்கும் சட்டங்களின் பெயரில் ஆவணம் என்னும் சொல் இடம்பெறவில்லை. ஆயினும் இச்சட்டங்களைக் கொண்டு ஒருவர் ஓர் அலுவலகத்திடம் கேட்டுப் பெறுவது பெரும்பாலும் ஆவணமே. பெயரில் நிற்கும் ‘தகவல்’ பேச்சுவழக்கில் விவரம், சேதி, பதில் ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும் அளவுக்குத் தளர்ந்த சொல். அதனால், அலுவலகத்திடம் எதை வேண்டுமானாலும் வினவலாம், வினவியதற்கு அது விடை எழுதியே தீர வேண்டும் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எளிதில் பதிந்துவிடுகிறது. ‘கோரியது தகவல் என்னும் வரையறைக்குள் வராது’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு மனுக்கள் பல திரும்புவதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் என்பதற்குத் தரும் வரையறையைப் படித்தால், அது கையால் தொடக்கூடிய அல்லது கணினியில் திறக்கக்கூடிய பொருள்களின் பட்டியலாகவே அமைந்திருப்பது விளங்கும். பதிவுருக்கள் (ரெக்கார்டுகள்), ஆவணங்கள், குறிப்புகள், மின்னஞ்சல்கள், சுற்றறிக்கைகள், ஆணைகள், ஒப்பந்தங்கள், அறிக்கைகள், மாதிரிகள், மின்னணு வடிவத் தரவுகள் என்று அது நீள்கிறது. கருத்தும் ஆலோசனையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அவை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டமும், எந்த வடிவிலேனும் பதிவுசெய்யப்பட்ட பொருள் என்ற அடிப்படையிலேயே தகவலை வரையறுக்கிறது. விடைத்தாள்களைப் பார்க்கும் உரிமை பற்றி மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பாக எழுந்த வழக்கில், 2011 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. தேர்வர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கலாம். ஆனால் இருக்கின்ற தகவலைத் தருவதுதான் அலுவலகத்தின் கடமை, இல்லாததைத் திரட்டியோ புதிதாக உருவாக்கியோ தரும் கடமை அதற்கு இல்லை, கருத்துரை வழங்கும் கடமையும் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே ‘எங்கள் தெருவில் ஏன் சாலை போடவில்லை?’ என்ற கேள்வியைத் தகவல் அலுவலர் சட்டப்படியே தள்ளிவிட முடியும். அந்தச் சாலைப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தம், பொறியாளர்கள் எம்.புக் என்று சொல்லும் அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டால் அப்படித் தள்ள முடியாது. ‘ஏன்’ என்பதற்கான விடையும் பல நேரங்களில் அலுவலகத்தில் எழுத்தாகவே இருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலக நடைமுறையில் ஒரு கோப்பு, வந்த கடிதங்களும் அனுப்பிய கடிதங்களும் அடங்கிய நடப்புக் கோப்பு என்றும், எழுத்தர் தொடங்கி மேலதிகாரி வரை ஒவ்வொருவரும் தம் கருத்தை எழுதிக் கையொப்பமிடும் குறிப்புக் கோப்பு என்றும் இரு பகுதியாக இருக்கும். முடிவுக்கான காரணம் பதிந்திருப்பது குறிப்புக் கோப்பில். இதைத் தருவதற்கு அலுவலகங்கள் மிகவும் தயங்கின. குறிப்புகளும் தகவலே என்று மத்தியத் தகவல் ஆணையம் 2006இல் முடிவு செய்தது. அதே ஆண்டில் அவற்றைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்க நடந்த திருத்த முயற்சி எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ‘ந.க.’ என்று தொடங்கும் கோப்பு எண் தெரிந்த ஒருவர், அந்த எண்ணைக் குறித்து, ‘குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு ஆகிய இரண்டின் எல்லாப் பக்கங்களும்’ என்று எழுதினால், பத்துக் கேள்விகள் பெற்றுத் தராததை அந்த ஒரு வரி பெற்றுத் தரக்கூடும்.

இனி ஆவணம் என்னும் சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் இச்சொல் பெரிதும் கடைத்தெருவையே குறிக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் திருவிழா ஓயாத அகன்ற கடைவீதியைப் பட்டினப்பாலை ‘விழவு அறா வியல் ஆவணம்’ என்ற பொருளில் பாடுகிறது. சந்தையைக் குறிக்கும் ஆபணம் என்ற வடசொல்லோடு இப்பொருளை இணைத்துக் காண்பது வழக்கம். ஆனால் அகநானூற்றின் 77ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் காட்டும் ‘ஆவண மாக்கள்’ கடைக்காரர்கள் அல்லர். கயிற்றால் கட்டப்பட்ட குடத்திலிருந்து ஓலைகளை எடுப்பதற்காக, அதன்மேல் இட்ட இலச்சினையைப் பார்த்து நீக்குகிறவர்கள் அவர்கள். முத்திரையைச் சரிபார்த்த பின்னரே திறக்க வேண்டிய எழுத்து என்ற கருத்து அப்போதே இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பாட்டில் இது பாலை நிலத்துக் கொடுங்காட்சி ஒன்றுக்கு உவமையாக வருகிறது என்பது வேறு செய்தி.

பெரியபுராணத்தில் ஆவணம் முழுமையான சட்டச் சொல்லாகிவிடுகிறது. சுந்தரரைத் தம் அடிமை என்று சொல்லிக்கொண்டு வந்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார், ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைச் சான்றாகக் காட்டுமாறு கேட்கிறார்கள்: அதாவது தொடர்ந்து வந்த அனுபவம், எழுத்து, பிறர் சாட்சியம். மணப்பந்தலில் சுந்தரர் கிழித்தெறிந்தது படி ஓலைதான், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக உள்ளது என்கிறார் முதியவர். அது சுந்தரரின் பாட்டனார் கைச்சாத்துத்தானா என்று அறிய, காப்பில் வைத்திருந்த அவருடைய வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்புநோக்குகிறார்கள். மூலம், படி, பாதுகாப்பிடம், ஒப்பீடு என்று இன்றைய ஆவணப் பரிசோதனையின் உறுப்புகள் அனைத்தும் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார் பாட்டில் தமிழ்ப் பெயர்களோடு இருக்கின்றன. நாம் இன்று அசல், நகல் என்கிறோம். இரண்டும் அரபியிலிருந்து உருது வழியாக வந்தவை. அசல் என்பதற்கு அடிவேர் என்பது பொருள். மூலம் என்ற வடசொல்லுக்கும் வேர் என்றே பொருள். ஆகவே மூல ஓலையும் அசலும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள். நகலுக்கு ஈடான ‘படி’ என்ற சொல் ‘படியெடுத்தல்’ என்ற வழக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டம் தரச் சொல்வதைச் ‘சான்றிட்ட படி’ என்று தாராளமாக எழுதலாம். ஆனால் மனுவில் ‘சான்றிட்ட நகல்’ என்று எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. தூய்மைக்காக எழுத்தரைக் குழப்புவதில் பயனில்லை.

சோழர் கல்வெட்டுகளில் நிலவரிக் கணக்கைப் பார்த்த அமைப்பு புரவுவரித் திணைக்களம் என்றும், அதன் பதிவேடு வரிப்பொத்தகம் என்றும் பெயர் பெற்றிருந்தன. திணைக்களம் என்ற அதே சொல் இன்று இலங்கையில் அரசுத் துறையைக் குறிக்கும் அன்றாடச் சொல்லாக வாழ்கிறது. தமிழ்நாட்டில் அது வழக்கொழிந்து, துறை என்பது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்படி அரசு எழுத்துகளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. இடையில் வந்த தஸ்தாவேஜு பாரசீகச் சொல்; அதன் முதற்பகுதியாகிய ‘தஸ்த்’ கையைக் குறிக்கும். கோப்பு என்பது கோத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது, தாள்களை நூலில் கோத்து வைக்கும் பழக்கத்தை நினைவூட்டுவது. அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஃபைல் என்ற சொல்லும் நூலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்திருப்பது சுவையான ஒற்றுமை. ரெக்கார்டு என்பதன் இலத்தீன் மூலத்தில் இதயம் என்ற சொல் ஒளிந்திருக்கிறது. நெஞ்சில் நிறுத்துதல், நினைவுகூர்தல் என்பதே அதன் பழம்பொருள். தமிழ்ப் ‘பதிவு’ அழுந்தப் பதித்தலைக் குறிக்கிறது.

இவ்வகையில் உலகின் முதல் சட்டமும் தகவல் என்று பேசவில்லை. சுவீடன் 1766 டிசம்பரில் இயற்றிய அச்சுச் சுதந்திரச் சட்டம், அலுவலகங்களில் உள்ள எழுத்துகளைக் குடிமக்கள் பார்க்கவும் படியெடுக்கவும் வழிசெய்தது. அதற்காகப் பாடுபட்டவர்களுள் ஆன்டர்ஸ் சிடேனியஸ் முதன்மையானவர். அந்நாட்டில் இன்றும் வழங்கும் கலைச்சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பொது ஆவணம்’ என்றே வரும். அமெரிக்காவில் 1966 ஜூலை 4 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் பெயர் தகவல் சுதந்திரம் என்றிருந்தாலும், அது தரச் சொல்வது அரசு அமைப்புகளின் ‘பதிவுருக்களை’த்தான். எது ஓர் அமைப்பின் பதிவுரு என்பதில் அங்கு நீண்ட வழக்காடல் நடந்தது. வெளியுறவுச் செயலராக இருந்த ஹென்றி கிஸ்ஸிங்கர் தம் தொலைபேசி உரையாடல் குறிப்புகளைக் காங்கிரஸ் நூலகத்துக்கு ஒப்படைத்துவிட்டார். தன் கையில் இல்லாததைத் துறை மீட்டு வந்து தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் சொல்லிவிட்டது. 1989இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் இரண்டு அளவுகோல்களை வைத்தது: அமைப்பு அந்த எழுத்தை உருவாக்கியோ பெற்றோ இருக்க வேண்டும், மனு வந்த நேரத்தில் அது அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பிறர் எழுதி அனுப்பிய கடிதமும் வந்து சேர்ந்தபின் அலுவலகத்தின் ஆவணமே என்பது இதனால் உறுதிப்பட்டது.

இந்தியாவில் இந்த உரிமைக்காக எழுந்த மக்கள் இயக்கமும் எழுத்தைத்தான் கேட்டது. ராஜஸ்தானில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 முதல் ஊர்களில் நடத்திய பொது விசாரணைகளில், வேலைக்கு வந்தோர் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் ஊரார் முன்னே உரக்கப் படித்தது. இறந்தவர்கள் கூலி வாங்கியதும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் போனதும் அந்தத் தாள்களில் இருந்தன. அவர்களின் கோரிக்கை விளக்கத்துக்கானதாக இருந்திருந்தால், அதிகாரிகள் அழகான விளக்கங்களைத் தந்திருப்பார்கள்.

அப்படியானால் ‘அரசு அமைப்பின் பதிவுரு’ என்பதற்குச் சரியான தமிழ் எது? பதிவேடு என்பது வரிசையாகப் பதிந்து வரும் ஏட்டை மட்டும் குறிப்பதால் குறுகலானது. கோப்பு என்பது பல தாள்களின் தொகுதி. பொது ஆவணம் என்ற சொல் கவர்ச்சியானதுதான். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் வழியே நீதிமன்றத் தமிழில் அதற்கு வேறு வரையறுத்த பொருள் நிலைத்துவிட்டது, பொது என்றாலே எவரும் பார்க்கத் தடையற்றது என்ற தவறான எண்ணமும் எழும். சட்டம் விலக்களிக்கும் ஆவணமும் ஆவணமே. அதில் மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து மீதியைத் தருமாறு இந்தியச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. அரசு ஆவணம் என்றால் அரசு எழுதியது மட்டும் என்று தோன்றும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், ‘அலுவலக ஆவணம்’ என்பதையே நான் பொருத்தமாகக் கருதுகிறேன். யார் எழுதினார் என்பதை விட்டுவிட்டு, எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை அது முன்னிறுத்துகிறது. இந்தியச் சட்டமும் ‘பொது அதிகார அமைப்பின் வசமோ கட்டுப்பாட்டிலோ உள்ள’ என்றுதான் சொல்கிறது. காகிதம், வரைபடம், ஒலிப்பதிவு, கணினித் தரவு என எல்லாவற்றையும் அது தாங்கும்.

மனு எழுதும்போது இந்தச் சொல்லை அடுத்து வரும் வினையும் கவனத்துக்குரியது. ஆவணத்தைப் ‘பார்வையிட’ என்று எழுதினால் அலுவலகத்துக்கே சென்று புரட்டிப் பார்க்கலாம். இந்திய மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் ஒரு மணிநேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதன்பின் மணிக்கு 5 ரூபாய். ‘நகல்’ என்றால் வழக்கமான அளவுத் தாள் பக்கத்துக்கு 2 ரூபாய். எது தேவை என்று தெரியாத நிலையில் முதலில் பார்வையிட்டு, வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்து நகல் கேட்பது செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். விண்ணப்பம் என்ற சொல் ‘அறியச் செய்தல்’ என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது; இலங்கையில் தேர்தல் விஞ்ஞாபனம் என்பதும் அதன் உடன்பிறப்பே. மேலிருப்பவருக்குத் தாழ்ந்து அறிவித்தல் என்ற தொனி இன்னும் அதில் ஒட்டியிருப்பதாலோ என்னவோ, ‘கருணை கூர்ந்து’ என்று மனுவைத் தொடங்குவோர் உண்டு. சட்டம் காரணத்தைக்கூடக் கேட்காதபோது கருணைக்கு அங்கே வேலையில்லை.

பதிலில் வரும் சொற்களையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். ‘அத்தகைய ஆவணம் இல்லை’ என்பதும் ‘ஆவணம் கிடைக்கப்பெறவில்லை’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முன்னது, அப்படி ஒன்று உருவாக்கப்படவே இல்லை என்னும் உறுதிமொழி. அதைப் பின்னர் வேறொரு தாள் பொய்யாக்கினால் அலுவலர் பொறுப்பேற்க நேரும். பின்னது, ஆவணம் இருந்தது, இப்போது காணவில்லை என்னும் ஒப்புதல். காணாமற்போனது என்பது சட்டத்தில் உள்ள விலக்குகளுள் ஒன்றன்று என்றும், முழுமையாகத் தேட வேண்டும், தேவையானால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்றும் 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. எனவே கிடைக்கப்பெறவில்லை என்ற பதில் வந்தால், முதல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பைச் சுட்டி, கோப்பு கடைசியாக யாரிடம் இருந்தது என்பதைக் காட்டும் தன்பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பதற்குப் பிறப்பித்த ஆணையின் நகலையும் கேட்கலாம். அவையும் அலுவலக ஆவணங்களே.