ஒரு சாண் தூரத்தில் தொடங்கும் பாடல்

மைக்குக்கும் பாடகரின் உதட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி. அதை நான்கு விரற்கடையாகக் குறைத்தால் குரல் தடித்துவிடும். ஒலிப்பதிவுக் கூடங்களில் குரலுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் மைக்குகள், மிக அருகில் எழும் ஒலியின் தாழ்ந்த அதிர்வெண்களைக் கூட்டிக் காட்டும். 'ப' என்ற எழுத்தில் உதடு வெடித்து வெளிவரும் காற்று மைக்கின் சவ்வில் மோதி, மேளம் தட்டியதுபோல் 'டும்' என்று பதிவாகும். இதைக் கேட்டதும் எழுந்து போய் மைக்கைச் சற்று விலக்கி, ஓரமாகச் சாய்த்து வைப்பவர் ஒலிப்பதிவுப் பொறியாளர். அந்த அசைவின் மதிப்பு பாடல் முடிந்த பிறகுதான் தெரியும்.

அவருக்குப் பக்கத்தில் இசைத் தயாரிப்பாளர் உட்கார்ந்திருப்பார். பெயரைக் கேட்டு, பணம் போடுபவர் என்று எண்ணிவிட வேண்டாம். திரைப்படத்தில் இயக்குநர் செய்யும் வேலைக்கு நெருக்கமானது அவருடைய வேலை. எந்தச் சுருதியில் பாடுவது, எந்த வாத்தியம் எங்கே நுழைவது, பத்து முறை பாடியதில் எதில் உயிர் இருக்கிறது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அவர்தான்.

பொறியாளரின் கவலை இயற்பியல் சார்ந்தது. ஒரு கிதாருக்கு இரண்டு மைக்குகள் வைக்கிறார் என்று கொள்வோம். ஒன்று மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அதை 1 மில்லிவினாடி தாமதமாக எட்டும். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரைச் சுற்று. ஒரு மைக்கில் அலை மேலேறும்போது மற்றதில் கீழிறங்கும். இரண்டையும் சேர்த்தால் அந்த அதிர்வெண் பெருமளவு கரைந்துபோகும். தனித்தனியே கேட்டால் இரண்டும் அருமையாக இருக்கும். சேர்த்தால் கிதார் சோகை பிடித்ததுபோல் ஒலிக்கும்.

முன்பு எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசித்தார்கள். சத்தம் அதிகமான வாத்தியத்தைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவதே கலவை. 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் 8 தட டேப் ரெக்கார்டர் கிதார் கலைஞர் லெஸ் பாலின் கைக்கு வந்தது. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித் தடத்தில் பதிந்து, பிறகு நிதானமாகச் சேர்க்கும் முறை இப்படித்தான் வளர்ந்தது. மிக்ஸிங் எனப்படும் இந்தக் கலவை தனித் தொழிலானதற்கு இந்தத் தடங்களே காரணம்.

இன்று மிக்ஸிங் பொறியாளரிடம் நூறு தடங்கள்கூட வந்து சேரும். அவருடைய முதல் எதிரி, ஓர் ஒலி இன்னோர் ஒலியை மறைப்பது. பெரிய டிரம்மும் பேஸ் கிதாரும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது இரண்டுமே குழம்பிவிடும். வேண்டிய அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசரைக் கொண்டு ஒன்றில் சிறிது குறைத்து மற்றதற்கு வழிவிடுவார். எதையும் கூட்டாமலேயே இரண்டும் தெளிந்து வருவதைக் கேட்கும் தருணம் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கக் கம்ப்ரெஸர் இருக்கிறது. அதை 4:1 என்று வைத்தால், அவர் குறித்த எல்லையைத் தாண்டி 8 டெசிபெல் உயர்ந்த ஒலி 2 டெசிபெல் மட்டுமே தாண்டும். கிசுகிசுப்பும் உச்சக்குரலும் ஒரே பாடலில் கேட்கும்படி அமைவது இதனால்தான்.

நல்ல கலவையாளர்கள் பலர் மெல்லிய சத்தத்தில் வேலை செய்வார்கள். சத்தம் கூடும்போது மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை மேலும் நன்றாக உணர்கிறது. இதை 1933இல் ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். உரக்கக் கேட்டால் எல்லாக் கலவையும் அழகாகத்தான் தோன்றும்.

கலவை முடிந்த பாடலை வெளியீட்டுக்குத் தயார் செய்வது மாஸ்டரிங். அதைச் செய்யும் பொறியாளருக்கு வழக்கமாக வந்து சேர்வது இரண்டே தடங்கள், இடமும் வலமும். நூறு தடங்களும் அவற்றுக்குள் கலந்துவிட்டன. அவருடைய பெரிய பலம், அந்தப் பாடலை அவர் அதுவரை கேட்டதில்லை என்பதே. மற்றவர்களின் காது பழகிப்போன குறை அவருக்கு முதல் நிமிடத்திலேயே உறுத்தும். ஒரு தொகுப்பின் பாடல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒலியின் நிறத்தையும் சத்தத்தையும் சமன் செய்கிறார். இசைத்தட்டாக வெட்டுவதானால் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளை இட வலத்துக்கு நடுவே கொண்டுவருகிறார். இட வலத் தடங்களில் அவை எதிரெதிராக அசைந்தால் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் −14 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவை ஒட்டி எல்லாப் பாடல்களையும் சமப்படுத்துவதால், வெறுமனே உரக்க ஒலிக்கச் செய்வதில் இப்போது பெரிய லாபம் இல்லை.

குரலில் 'ஸ' சீறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டரிங்கில் அதை அடக்கினால் அதே அதிர்வெண்ணில் மினுங்கும் ஜால்ராவும் மங்கிவிடும். அதனால் பாடலைக் கலவையாளருக்கே திருப்பி அனுப்புவார். அவரிடம் குரல் தனியாக இருக்கிறது. சில நிமிட வேலை. ஆனால் பதிவின்போதே குரல் அளவு மீறி, அலையின் உச்சிகள் மழுங்கிப் போயிருந்தால், இழந்த வடிவத்தை அவராலும் முழுமையாக மீட்க முடியாது. பாடகரை மறுபடி அழைத்து, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தவேண்டியதுதான்.