ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போன்

2020 ஏப்ரலில் ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு, நிவாரணப் பணம் வாங்க வந்தவர்களை வட்டத்துக்கு ஒருவராக நிறுத்திக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், அதாவது என்எஸ்எஸ். அவர்களுக்குப் பின்னால் திட்ட அலுவலர் என்ற பெயரில் ஓர் ஆசிரியர் இருப்பார். காலையில் ஆன்லைன் வகுப்பு, மத்தியானம் கபசுரக் குடிநீர் அண்டா, ராத்திரி பதினோரு மணிக்கு ஓர் அம்மாவின் போன்: "சார், தம்பிக்கு உடம்பு சுடுது, நேத்து உங்க கூடத்தானே வந்தான்?"

மறுநாளும் அவர் கிளம்பிப் போனார். எப்படி?

போன் வந்த நொடியில் மூளையின் ஹைப்போதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி சிறுநீரகங்கள் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்கிறது, அங்கிருந்து கார்டிசால் என்ற பதற்ற நேரத்து ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை ஏறும், கவனம் கூர்மையாகும், தூக்கம் ஓடிவிடும். அப்புறம் அதே கார்டிசால் மூளைக்குத் திரும்பிப் போய், 'போதும், நிறுத்து' என்று சொல்லும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான், பிரேக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. பதற்றமே வராதவருக்குத்தான் மீள்திறன், அதாவது அடிபட்டும் பழையபடி எழும் திறன், அதிகம் என்று நினைக்க வேண்டாம், ஏறியது இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

சரி, தினமும் போன் வந்தால்? பிரேக் தேயும். இப்படி உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் தேய்மானத்துக்கு 1993இல் புரூஸ் மெக்கீவன், எலியட் ஸ்டெல்லர் என்ற விஞ்ஞானிகள் 'அலோஸ்டேடிக் சுமை' என்று பெயர் வைத்தார்கள். ரத்த அழுத்தம், தூக்கமின்மை, ஞாபக மறதி என்று அது பல வழியில் வெளியே வரும்.

அதே 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை உருவானது. முன்பின் தெரியாத நடுவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் உட்கார்ந்திருக்க, அவர்கள் முன் நின்று பேச வேண்டும், பிறகு 1022இல் இருந்து 13, 13ஆகக் கழித்துக்கொண்டே போக வேண்டும், தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பெரும்பாலோருக்குக் கார்டிசால் எகிறும். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 37 ஆண்களை வைத்து இதைச் செய்தபோது, பேச்சுக்குத் தயாராகும் நேரத்தில் நெருங்கிய நண்பன் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது குறைவாகவே ஏறியது. நண்பன் கணக்குப் போட்டுக் கொடுக்கவில்லை, கூட இருந்தான், அவ்வளவுதான்.

அந்த ஆசிரியருக்கு அப்படிக் கூட இருந்தது யார்? 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. கிராமத்துப் பள்ளிக்கூடத்திலேயே படுத்து, ஊரோடு சேர்ந்து குளம் தூர்வாரி, சாப்பிட்டு வருவார்கள். அப்படிப் போய்வந்தவரின் போனில் கிராம செவிலியர், விஏஓ, மளிகைக்கடை அண்ணாச்சி என்று எல்லோரும் இருப்பார்கள். அந்தப் பதினோரு மணிக்கு அவர் செவிலியரைக் கூப்பிட்டு, "அக்கா, காலையில முதல் வேலையா அந்தப் பையனைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல முடிந்திருந்தால், பாதி பாரம் அங்கேயே இறங்கியிருக்கும். இப்படி ஒருவர் இல்லாதவர் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார், அவருடைய மனசும் இந்த ஆசிரியருடையதைப் போலத்தான், கூட ஆள்தான் இல்லை.

அதனால்தான் 'இரும்பு மனுஷர்' என்று சான்றிதழ் கொடுத்து ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் விடுவது எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது. அடுத்த தொற்று வருவதற்குள் கல்லூரிகள் ஓர் எளிய வேலையைச் செய்யலாம்: அந்தப் போனை இரண்டு ஆசிரியர்கள் முறை வைத்து எடுக்கட்டும், ஒருவர் எடுக்கும் ராத்திரி மற்றவர் தூங்கட்டும்.