தொண்டையைக் கிழித்தால் எமோ ஆகிவிடாது

போன வாரம் செவ்வாய்க்கிழமை, ராத்திரி 11.30 இருக்கும். என் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் 19 வயதுப் பையன். 23-வது டேக்கை, அதாவது அதே பாட்டின் 23-வது பதிவை, பாடி முடித்துவிட்டுக் கைக்குட்டையில் துப்பினான். டாக்பேக் பட்டனை அழுத்தி, "என்ன தம்பி?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணா. இன்னும் ஒரே ஒரு டேக். குரல் இன்னும் உடையல" என்றான். உள்ளே போய்க் கைக்குட்டையை வாங்கிப் பார்த்தேன். எச்சிலோடு நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. ரெக்கார்டிங்கை அங்கேயே நிறுத்திவிட்டேன். பேண்டில் நாலு பேருக்கும் என் மேல் கோபம்.

இந்த வருஷம் இப்படி என்னிடம் வந்தவர்களில் இவன் மூன்றாவது ஆள். மூன்று பேரும் சொன்ன காரணமும் ஒன்றுதான்: "அந்த ஆல்பங்கள்ல அப்படித்தாண்ணா இருக்கு." எமோ ஆல்பங்களைத்தான் சொல்கிறார்கள்: வேகமும் சத்தமுமான ஹார்ட்கோர் பங்க் இசையிலிருந்து கிளைத்த, மனசில் இருப்பதைக் கொட்டிப் பாடுகிற ராக் வகை. அந்த ஆல்பங்களை நானும் இருபது வருஷமாகக் கேட்கிறேன். உயிராகக் கேட்கிறேன். அதனால்தான் வயிறு எரிகிறது. அவற்றில் எது பலம், எது பலவீனம் என்று பிரித்துப் பார்க்காமல், இருக்கிற குறைகளை மட்டும் பொறுக்கியெடுத்து அதற்கு உணர்ச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் மூலத்துக்குப் போவோம். அமெரிக்காவில் வாஷிங்டன் டி.சி. 1985-இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்ப்ரிங் என்ற குழு தன் பெயரிலேயே ஒரு ஆல்பம் கொண்டுவந்தது. டான் ஸியென்டாரா தன் வீட்டு நிலவறையில் நடத்திவந்த இன்னர் இயர் ஸ்டுடியோவில் பதிவானது. டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் இயன் மெக்காய் தயாரித்தார். ('எமோ' என்ற சொல்லே பிடிக்காதவர் அவர். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்ட முன்னோடி எவரையும் நான் பார்த்ததில்லை.) சுற்றிலும் எல்லாப் பேண்டும் ஊரையும் அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டிருந்த ஹார்ட்கோர் காலம். அதே வேகத்தில், அதே சத்தத்தில், கீ பிச்சோட்டோ தன் இழப்பைப் பற்றிப் பாடினார். அதுதான் அந்த ஆல்பத்தின் பலம். அந்தக் குரல் உடைகிறது, உண்மை. ஆனால் பின்னால் பிரெண்டன் காண்டியின் டிரம்ஸைக் கேளுங்கள். பாடகன் எங்கே தடுமாறினாலும் தாளம் ஒரு இடத்தில்கூட அவனைக் கைவிடவில்லை. கீழே பிடிமானம் இருந்ததால்தான் அவரால் மேலே அவிழ்ந்து பாட முடிந்தது. இதே இருவர்தான் பிறகு, வாசிப்புக்குப் பேர்போன ஃபுகாஸி குழுவில் இருந்தார்கள். வாசிப்புத் திறமை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பலவீனம்? கிட்டார்கள் மெலிந்து ஒலிக்கின்றன. பாடல் வரிகள் பல இடத்தில் சத்தத்துக்கு அடியில் போய்விடுகின்றன. ஒரே மூச்சில் கேட்டால் நடுவில் எந்தப் பாட்டு எங்கே முடிந்தது என்று தெரியாது. இதெல்லாம் காசும் நேரமும் இல்லாமல் வந்த குறைகள். அவர்களிடம் இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் சரிசெய்திருப்பார்கள். உங்களிடம் நாலு நாள் இருக்கிறது. அப்புறம் ஏன் சரிசெய்ய மறுக்கிறீர்கள்?

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். பிசிறு உணர்ச்சி ஆகாது. சுருதி விலகுவது உணர்ச்சி ஆகாது. வீட்டில் ஒருவர் அழுதுகொண்டே பேசும்போது அந்தப் பேச்சு நம்மை ஏன் உலுக்குகிறது? அழுகையை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அந்த இழுபறிதான் உலுக்குகிறது. வேண்டுமென்றே தழுதழுத்துப் பேசினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பாட்டிலும் அப்படித்தான். சரியாகப் பாட முயன்ற ஒருவன் ஓரிடத்தில் தவறுகிறான். அங்கே மனசு இளகுகிறது. முதல் வரியிலிருந்தே தவறிக்கொண்டிருந்தால் கேட்கிறவனுக்கு எங்கே தவறியது என்றே தெரியாது.

இதற்கு ஜாப்ரேக்கர் குழுவின் கதையை ஒவ்வொரு பையனிடமும் சொல்கிறேன். பிளேக் ஷ்வார்ட்ஸென்பாக் என்ற அந்தப் பாடகருக்கு மணல்காகிதம் மாதிரி குரல். 90-களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பயணத்தின் நடுவில் தொண்டையில் பாலிப் வளர்ந்து, அறுவைசிகிச்சை வரை போனது. எல்லோரும் கொண்டாடிய கரகரப்புக்கு உள்ளே ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் '24 ஹவர் ரிவெஞ்ச் தெரபி', 1994. பெரும்பகுதியை ஸ்டீவ் ஆல்பினி பதிவுசெய்தார். என் கணக்கில் அந்தக் குழுவின் சிறந்த ஆல்பம் அதுதான், அத்தனையும் அறைக்குள் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் பெரிய நிறுவனத்துக்காக, ராப் கவாலோ தயாரிப்பில் 'டியர் யூ'. குரல் இன்னும் தெளிவு, கிட்டார்கள் தடிமன். பழைய ரசிகர்கள் பலர் அதை மன்னிக்கவே இல்லை. 1996-இல் குழு கலைந்தது. இன்றைக்கு அதே ஆல்பத்தை உட்கார்ந்து கேட்டால் வரிகள் எவ்வளவு கூர்மை என்று தெரிகிறது. ஒரு சொல் விடாமல் காதில் விழுகிறது. கிட்டாரை இன்னும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கலாம் என்பதுதான் எனக்கு அதில் குறை. குணமான தொண்டையோடு ஒருவர் பாடியதைக் குறையாகச் சொன்ன ரசிகர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

சன்னி டே ரியல் எஸ்டேட்டின் 'டயரி', 1994. சியாட்டில் குழு. சிகாகோவில் பிராட் வுட் பதிவுசெய்தது. இதை மட்டும் எல்லாப் பாடகர்களும் ஒருமுறை திரையில் போட்டு அலைவடிவத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 'இன் சர்க்கிள்ஸ்' பாட்டை என் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினேன், அந்தப் பையனுக்கும்தான். பாட்டு தாழும் இடத்தில் ஒல்லியாகப் போகிற கோடு, பல்லவி வந்ததும் விரிகிறது. பாடகர் ஜெரமி எனிக் பாட்டு முழுக்கக் கத்தவில்லை. முக்கால்வாசி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவில்தான் பாடுகிறார். அந்த அடக்கம் இருப்பதால்தான், குரல் எழும்போது நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. வில்லியம் கோல்ட்ஸ்மித்தின் டிரம்ஸும் அதே மாதிரி காத்திருந்துதான் இறங்கும். பலவீனமும் சொல்கிறேன்: அடங்கி எழுவதையே ஆல்பம் முழுக்கச் செய்கிறார்கள், பின்பாதியில் எழுச்சி எப்போது வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வரிகள் பல இடத்தில் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அடுத்த ஆல்பத்தில் இது இன்னும் மோசம். குழு உடைந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தது அது.

இப்போது கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளிடம் வருகிறேன். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் அமெரிக்கன் ஃபுட்பால் என்ற இசைக்குழுவின் ரசிகர்கள். இல்லினாய் மாநிலத்து அர்பானாவில், கல்லூரிப் படிப்பு முடிகிற நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து போட்ட முதல் ஆல்பம், 1999. அட்டையில் ஒரு வீடு, மாடி ஜன்னல். ஆல்பம் வந்த கொஞ்ச நாளில் குழு கலைந்துவிட்டது. 2014-இல் மறுபதிப்பு வந்தபோது மறுபடி சேர்ந்தார்கள். இடையில் அந்த ஆல்பம் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பேஸ் கிட்டாருக்குத் தனி ஆள் கிடையாது. இரண்டு கிட்டாரும் பாய் பின்னுகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வரும். நடுவில் டிரம்ஸ்காரர் ஸ்டீவ் லமோஸே ஊதுகிற டிரம்பெட். இரைச்சலே இல்லாமல் ஏக்கத்தைச் சொன்ன இந்த ஆல்பத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

அதன் முதல் பாட்டின் சுருதியமைப்பு எஃப்-ஏ-சி-ஜி-சி-ஈ. வழக்கமான கட்டிலிருந்து (ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ) தடித்த கம்பியை அரை சுரம் ஏற்ற வேண்டும், நாலாவதை முழுச் சுரம் இறக்க வேண்டும், இரண்டாவதை அரை சுரம் ஏற்ற வேண்டும். மூன்று கம்பியின் இழுவிசை மாறினால் கிட்டார் கழுத்தின் வளைவும் துளி மாறும். மாறினால் தொடாமல் விட்ட மூன்றும் சேர்ந்து விலகும். இவர்கள் ஆறு மாதப் பழைய கம்பியோடு வந்து, ஸ்டுடியோவில் வைத்து முறுக்கி, ஒருமுறை ட்யூனர் பார்த்துவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது நிமிஷம் எல்லாம் கலைந்திருக்கும். சொன்னால், "அந்த ஆல்பத்துலயும் கொஞ்சம் விலகித்தாண்ணா இருக்கும், அதுதான் அழகு" என்று பதில். கண்ணு, அந்த இரண்டு கிட்டாரும் விலகினால் பின்னலே தெரியாது, கூழாகிவிடும். அவர்கள் கவனமாக வாசித்ததால்தான் உனக்கு அது எளிமையாகக் கேட்கிறது. அந்த ஆல்பத்தின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாடகர் மைக் கின்செல்லாவின் அப்போதைய குரல் மெலிசு, வரிகள் டைரியிலிருந்து கிழித்த பக்கம் மாதிரி அரைகுறை, பின்பகுதியில் இரண்டு பாட்டு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது. இவற்றைக் கடந்து நம் மனசில் நிற்க வைத்தது அந்தக் கிட்டார்களின் ஒழுங்கு.

அதே 1999-இல் ஜிம்மி ஈட் வேர்ல்ட் குழுவின் 'க்ளாரிட்டி'. மார்க் ட்ரோம்பினோ தயாரிப்பு. மணி, டிரம் லூப், அடுக்கடுக்காகக் குரல்கள் என்று ஸ்டுடியோவையே ஒரு வாத்தியமாக்கினார்கள். கடைசிப் பாட்டு 16 நிமிஷம். அதில் பாதி எனக்கு அதிகம்தான். ஆனால் சுத்தமாகப் பதிவுசெய்தால் உணர்ச்சி செத்துவிடும் என்பவர்களுக்கு இந்த ஒரு ஆல்பம் போதும், வேறு பதில் தேவையில்லை. நிறுவனம் கைவிட்டது. அடுத்த ஆல்பத்தைச் சொந்தக் காசில் பதிவுசெய்தார்கள்.

வரிகளைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் முடியாது. 2002-இல் வந்த டேக்கிங் பேக் சண்டேயின் 'டெல் ஆல் யுவர் ஃப்ரெண்ட்ஸ்' ஆல்பத்தில் இரண்டு பாடகர்கள் ஒருவர் வரியை ஒருவர் வெட்டிப் பாடுவது அபாரம். சண்டையை நேரில் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் யாரோடு சண்டை? விட்டுப்போன பெண்ணோடு. அவளுக்கு என்ன ஆக வேண்டும் என்று கேட்கும் சில வரிகளைப் படித்தால் கூசுகிறது. வீஸர் குழுவின் 'பிங்கர்ட்டன்', 1996: இசையில் எனக்குக் குறையே இல்லை, முரட்டுத்தனமும் மெட்டும் அப்படிப் பொருந்தியிருக்கும். அதிலும் ஜப்பானிலிருந்து கடிதம் எழுதிய ஒரு இளம் ரசிகையை வைத்துப் பின்னிய பாட்டை இன்றைக்கு நிம்மதியாகக் கேட்க முடியவில்லை. இந்த வகை இசையில் பெண்களுக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை என்று இசை விமர்சகர் ஜெசிகா ஹாப்பர் 2003-இலேயே பங்க் பிளானெட் இதழில் எழுதிவிட்டார். அப்போதே ரெயினர் மரியா குழுவில் கெய்த்லின் டி மரைஸ் என்ற பெண் பாடிக்கொண்டிருந்தார், கேட்டவர்கள் குறைவு. என்னிடம் வருகிற பையன்கள் அந்தப் பழிவாங்கும் வரிகளை அப்படியே எடுத்துத் தங்கள் வகுப்புப் பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டு வருகிறார்கள். எழுதாதீர்கள். நான் பதிவுசெய்ய மாட்டேன்.

சரி, ரெக்கார்டிங்குக்கு வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை. கம்பியை இரண்டு நாள் முன்னாடியே மாற்றி, எந்தச் சுருதியில் வாசிக்கப்போகிறீர்களோ அதிலேயே விட்டுவையுங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் ட்யூனர் பாருங்கள், சலிக்காமல். கத்தும் பகுதியை நாளின் கடைசிக்கு வையுங்கள். முழுக்குரலில் நாலைந்து டேக்குக்கு மேல் வேண்டாம். அதற்குள் வரவில்லையென்றால் அன்றைக்கு வராது. கத்திப் பாடுவதற்கென்று முறை இருக்கிறது. குரல்நாணுக்கு மேலே இருக்கும் பொய்நாண்களை அதிரவைத்துப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரிந்த ஆசிரியரிடம் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். வீடியோ பார்த்து ஒரே வாரத்தில் வருகிற வித்தை இல்லை இது. தொண்டையை மரத்துப்போக வைக்கும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்குள் வராதீர்கள். வலி தெரியாவிட்டால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று நினைக்கிறீர்கள். அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குப் பாரம்தான், வாயை மூடிக்கொண்டு இருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் திரும்பவில்லையென்றால் இ.என்.டி. டாக்டர். ரத்தம் பார்த்தால் மூன்று வாரமெல்லாம் கிடையாது, மறுநாள் காலையிலேயே.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். ஆல்பத்தில் நீங்கள் கேட்கிற பெரிய குரலில் பாதி, மைக்குக்குப் பக்கத்தில் நின்றதும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் இழுத்துப் பிடித்ததும்தான். நீங்கள் பாதிக் குரலில் பாடினாலே அதை மலையாக்கிக் கொடுக்க எங்களுக்குத் தெரியும். அதற்குத்தானே காசு வாங்குகிறோம்.

அந்தப் பையன் மறுநாள் டாக்டரிடம் போனான். குரல்நாணில் வீக்கம், ஒரு சின்ன ரத்தக்கசிவு. பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸப்பில் எழுதினான்: "அண்ணா, பல்லவி மட்டும்தானே பாக்கி, ஒரு மாசம் கழிச்சு வரட்டுமா?" நான் 4-வது டேக்கை அனுப்பினேன். சூடேறுவதற்கு முன்னால், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, "இது சும்மா லெவல் பார்க்கத்தான்" என்று சொல்லிப் பாடியது. மூன்றாவது வரியில் ஓரிடத்தில் மட்டும் குரல் லேசாகத் தழுதழுக்கிறது. ராத்திரி பதில் வந்தது: "இது நானா?" இப்போது மிக்ஸிங்கில் இருப்பது அந்த டேக்தான்.